மூன்று மூச்சும் ஒன்றுபோல்

பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரை விற்பவர் காலையில் வரச் சொல்வார். ஆறிக் கிடந்த இன்ஜின் சாவியைத் தொட்டதும் பிடிக்கும், வாங்க வந்தவர் மயங்கிவிடுவார். மற்ற கார்களுக்கு, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்ப்பது நல்ல சோதனைதான். இந்தக் காரின் ரோட்டரி இன்ஜினுக்கு அது பாதிச் சோதனை. பினாங்கின் ஜெலுத்தோங் நெடுஞ்சாலையில், மாலை நெரிசலில் ஊர்ந்துவிட்டு, பெட்ரோல் நிலையத்தில் அணைத்து, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்ப வேண்டும். அப்போதும் உடனே பிடித்தால்தான் மேற்கொண்டு பேசலாம். ரோட்டரி அறிந்த மெக்கானிக் அந்தப் பத்து நிமிடத்தை ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

இந்த இன்ஜினில் மேலும் கீழும் போகும் பிஸ்டன் இல்லை, வால்வும் இல்லை. இடை ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள் முக்கோண ரோட்டர் சுழல்கிறது. அதன் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் என்னும் மெல்லிய பட்டை, பக்கவாட்டில் சைட் சீல், இரண்டும் சேரும் மூலையில் கார்னர் சீல். காற்றைக் கசியவிடாமல் அமுக்கிப் பிடிப்பது இவைதான். சீல் தேய்ந்திருந்தாலும், ஆறிய எண்ணெயின் கெட்டியான படலம் இடைவெளியை அடைத்துக் குறையை மறைத்துவிடும். சூடேறினால் எண்ணெய் நீர்த்துப்போகும். வெந்துபோன ஸ்டார்ட்டரும் மெதுவாகத்தான் சுற்றும். வருடம் முழுவதும் வெக்கை குறையாத பினாங்கில் இந்தக் குறை ஒளிந்துகொள்ள அதிக நாள் இடமில்லை.

சீல் பிரச்சினை இந்த இன்ஜினுடன் பிறந்தது. பெலிக்ஸ் வாங்கலின் வடிவமைப்பை ஜப்பானுக்குக் கொண்டுபோன மாஸ்டாவில், கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பொறியாளர்கள் அதோடு மல்லுக்கட்டினார்கள். ஏபெக்ஸ் சீல் அதிர்ந்து அதிர்ந்து அறையின் சுவரில் வரிவரியாகக் கீறியது. பிசாசின் நகக்கீறல் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல் கைகொடுத்த பிறகுதான் 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. 1991-இல் நான்கு ரோட்டர் கொண்ட மாஸ்டாவின் 787பி பந்தய கார் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. 2003 முதல் 2012 வரை தயாரான ஆர்எக்ஸ்-8, அந்த மரபில் வந்த கடைசி ரோட்டரி ஸ்போர்ட்ஸ் கார்.

இனி, ரோட்டரியின் நோயறியும் கலைக்கு என்னை அடிமையாக்கிய சோதனைக்கு வருகிறேன். இதற்கு அளக்கும் கருவி எதுவும் வேண்டாம். பெட்ரோலும் தீப்பொறியும் வராதபடி ஃபியூஸ்களைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு ரோட்டரிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டுக் கேட்க வேண்டும். ரோட்டரின் மூன்று முகங்களும் முறைவைத்து அந்தத் துளையில் மூச்சு விடும். தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல: தகிட, தகிட, தகிட. மூன்று அட்சரமும் ஒரே கனத்தில் விழுந்தால் அந்த ரோட்டர் நலம். ஒன்று மட்டும் பலமாக விழுந்து அடுத்த இரண்டும் சோர்ந்தால் ஏபெக்ஸ் சீல் போயிருக்கலாம், ஏனென்றால் ஒரு முனையின் சீல் அக்கம்பக்கத்து இரண்டு அறைகளுக்கும் பொதுவானது. ஒன்று மட்டும் மெலிந்தால் சைட் சீலைச் சந்தேகிக்கலாம். கரி படிந்து சிக்கிக்கொண்ட சீலாகவும் இருக்கலாம். அப்படியானால் கரியை நீக்கியதும் மூச்சு திரும்புவதுண்டு. மூன்றும் சேர்ந்தே மெலிந்தால் அவசரப்படக் கூடாது. மொத்தத் தேய்மானமாக இருக்கலாம், பேட்டரியோ ஸ்டார்ட்டரோ சோம்பியும் இருக்கலாம்.

காது சொன்னதை எண்ணாக்கித் தருவது ரோட்டரிக்கென்றே செய்த காம்ப்ரஷன் மீட்டர். சாதாரண மீட்டரை நான் நம்பமாட்டேன். அதன் வால்வு மூன்று அறைகளில் மிக உயர்ந்த அழுத்தத்தை மட்டும் பிடித்துவைத்துக் காட்டும், செத்துப்போன அறை அதில் தெரியாது. ரோட்டரி மீட்டர் மூன்றையும் தனித்தனியே காட்டி, சுற்றிய வேகத்தையும் சொல்லும். வேகம் கூடினால் அழுத்தமும் கூடும் என்பதால் எல்லாக் கணக்கும் நிமிடத்துக்கு 250 சுற்று என்ற வேகத்துக்கு மாற்றப்படும். ஆர்எக்ஸ்-8-க்கு அந்த வேகத்தில் 830 கிலோபாஸ்கல் இருக்க வேண்டும். 680-க்குக் கீழே போனால் இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டும். ஒரே ரோட்டரின் அறைகளுக்குள் 150-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் தேறாது.

ஸ்டார்ட் ஆகாத ரோட்டரி எல்லாம் செத்த ரோட்டரி அல்ல. ஐந்தடிப் பாதையோரம் நிற்கும் காரைப் பத்தடி நகர்த்தி உடனே அணைத்துப் பாருங்கள். ஆறிய இன்ஜினுக்குக் கூடுதலாக ஊற்றப்பட்ட பெட்ரோல் சீல் மேலிருந்த எண்ணெயைக் கழுவிவிடும், மறுமுறை வெறுமனே சுற்றும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பெட்ரோல் நின்று, உள்ளே தேங்கியது வெளியேறும். இது தெரியாமல் நல்ல இன்ஜினைக் கழற்றி எறிவது கொடுமை. ஆர்எக்ஸ்-8 காரில் இக்னிஷன் காயில்களும் சீக்கிரம் தளர்ந்து, காம்ப்ரஷன் குறைவுபோலவே நடிக்கும். காலையில் மட்டும் திணறி, வெள்ளைப் புகை விட்டு, கூலண்டும் குறைகிறதென்றால் நோய் வேறு: தண்ணீரைத் தடுக்கும் சீல் கசிகிறது. நல்ல மெக்கானிக் இவற்றை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பார். அந்தப் பொறுமையில்தான் அவருடைய கலை இருக்கிறது.

உரிமையாளர் பெயரை மாற்றுவதற்கான புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையில் தேறிய கார் என்று விற்பவர் சொல்லலாம். அங்கே காம்ப்ரஷன் பார்ப்பதில்லை. இரண்டு ரோட்டருக்குமான ஆறு அளவுகளையும், எந்த வேகத்தில் எடுத்தவை என்பதையும், இன்ஜின் சூடாக இருந்ததா என்பதையும் எழுதிய தாளைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால், கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.