எண்ணிக்கையின் அதிகாரம்: சம்புநாத் டேயை முன்வைத்து

ஓர் ஆய்வாளர் என்ன கண்டுபிடித்தார் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. எத்தனை பேப்பர், எத்தனை சைட்டேஷன் என்றுதான் கேட்கிறார்கள். 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தபிறகு இங்கும் அதே பேச்சுதான். இந்த எண்கள் அப்பாவித் தகவல்கள் அல்ல. யார் அறிவாளி என்பதைக் கட்டமைக்கும் சொல்லாடல் அது. இரண்டு ஆய்வாளர்களை எதிரெதிரே நிறுத்திப் பார்த்தால் அது பிடிபடும்.

சம்புநாத் டே (1915–1985) கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி நோயியல் பேராசிரியர். காலராக் கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று ராபர்ட் கோக் 1884இலேயே ஊகித்திருந்தார். எழுபது வருஷத்துக்கும் மேலாக அந்த நஞ்சு யார் கையிலும் சிக்கவில்லை. விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் கிருமியைச் செலுத்தித் தேடிக்கொண்டிருந்தார்கள். நோய் குடலில்தானே நடக்கிறது, அங்கேயே தேடினால் என்ன என்று டே யோசித்தார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் கட்டி உள்ளே கிருமியைச் செலுத்தினார். குடல் நீர் கோத்து உப்பியது. இது 1953இல் வெளிவந்த ஆய்வு. 1959இல் கிருமியை முழுக்க வடிகட்டிய பிறகு எஞ்சிய திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் உப்பியது. உடம்பின் நீரைக் குடலுக்குள் கொட்டவைத்துக் கொல்வது கிருமி வெளியிடும் நஞ்சு என்பது நிரூபணமாயிற்று. 'நேச்சர்' இதழில் வந்த சின்னக் கட்டுரை அது.

வந்தது, ஆனால் பல வருஷம் பெரிதாக யாரும் சீந்தவில்லை. 1961இல் இந்தோனேசியாவில் காலராவின் ஏழாவது உலகப் பரவல் தொடங்கியது. 1969இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். அப்புறம்தான் டேயின் பெயர் திரும்பத் திரும்ப அடிபட்டது. 1978இல் நோபல் அமைப்பின் காலராக் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டார். ஜோஷுவா லெடர்பர்க் நோபல் பரிசுக்கே அவரைப் பரிந்துரைத்தார். இந்திய அறிவியல் அகாதமிகளில் ஒன்றுகூட அவர் சாகும்வரை உறுப்பினராக்கவில்லை.

இங்கே ஒரு முரண். மேற்கோள் அட்டவணை என்ற ஏற்பாட்டையே உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்ட்தான் 1986இல் டேயின் பங்களிப்பைப் பற்றி விரிவாக எழுதினார். ஆக, எண்ணுவது டேயைக் கொன்றது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அகாதமிப் பெரியவர்கள் மேற்கோள் எண்ணி அவரைத் தள்ளவில்லை. எண்ணாமலேதான் தள்ளினார்கள். எண்ணை ஒழித்துவிட்டால் மிஞ்சுவது சிபாரிசும் வட்டங்களும்தான் என்பதை நம் தோழர்கள் மறக்கக்கூடாது. அதே சமயம், மையம் கையில் எடுத்த பிறகே அட்டவணையின் கண்ணுக்கும் கல்கத்தா தெரிந்தது.

மறுபக்கம் பிரான்சின் மார்செய் நகர நுண்ணுயிரியலாளர் திதியே ரவூல்ட். அவர் பெயரில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள். 2020 மார்ச்சில், கோவிட்டுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் பலனளிப்பதாக அவரது குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. பகுப்பாய்வில் மொத்தம் 36 நோயாளிகள். அனுப்பிய மறுநாளே கட்டுரை ஏற்கப்பட்டது. இதழின் தலைமை ஆசிரியரே இணை ஆசிரியர்களில் ஒருவர். மேற்கோள்கள் மூவாயிரத்தைத் தாண்டின. மறுத்து எழுதியவர்களின் மேற்கோளும் அதில் சேர்த்தி. திட்டினாலும் கணக்கு ஏறும். 2024 டிசம்பரில் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதற்குள் எத்தனை நாடுகளில் எத்தனை பேர் அந்த மாத்திரையை விழுங்கினார்கள்!

இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. எண், ஒரு கட்டுரை எவ்வளவு சுற்றியது என்பதைச் சொல்கிறது. அது உண்மையா, யாருக்கு உதவியது என்பதைச் சொல்வதில்லை. அதிகாரம் எண்ணை விரும்புவது அது துல்லியம் என்பதற்காக அல்ல. வாசிக்கிற சிரமத்திலிருந்து அது விடுவிக்கிறது என்பதற்காகத்தான். டேயை ஒதுக்கிய அகாதமியும் ரவூல்ட்டைத் தூக்கிய பட்டியலும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன: இரண்டிலும் யாரும் கட்டுரையைப் படிக்கவில்லை.

காலரா ஏழைகளின் நோய். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில்தான் அது வரும். அவர்களைப் பற்றிய அறிவு எங்கே பிறந்தாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்ய எந்த அட்டவணையும் வராது.