ஒட்டினால் அடையாளம் கண்டதாகுமா?

‘வேதியியல் எதிர்ப்பொருள்’ என்ற பட்டத்தோடுதான் டிஎன்ஏ ஆப்டமர்கள், அதாவது மடிந்து ஓர் இலக்கைப் பற்றும் குறுகிய ஒற்றை இழைகள், இன்று ஆய்வுக் கட்டுரைகளில் மேடையேறுகின்றன. குறித்த புரதத்தை இனங்கண்டு பற்றும், அதன் வேலையை நிறுத்தும், சொன்னால் விட்டுவிடும் என்கிறார்கள். அவசரப்பட்டுச் சூட்டிய பட்டம் இது.

நல்லதைச் சொல்லிவிடலாம். ஆப்டமர் தயாரிக்க விலங்கு வேண்டாம். இயந்திரமே தொகுத்துத் தரும். சூட்டில் குலைந்தாலும் ஆறியதும் மறுபடி மடிந்துகொள்ளும். இணை இழை ஒன்றைச் சேர்த்தால் பிடி தளர்ந்துவிடும். எதிர்ப்பொருளிடம் இப்படி எளிதான வழி இல்லை.

துறையின் செல்லப்பிள்ளை, 1992இல் கிலியட் நிறுவன ஆய்வாளர்கள் இரத்தத்தை உறையவைக்கும் திராம்பின் என்ற புரதத்துக்காகத் தேர்ந்தெடுத்த இழை. மொத்தம் 15 எழுத்துகள்: 9 குவானின், 6 தைமின். எட்டு குவானின்கள் நான்கு நான்காக இரண்டு தட்டுகளாய் அடுக்க, இழை ஒரு சிறு நாற்காலிபோல் மடிகிறது. உறைகட்டிக்கு மூலப்பொருளான ஃபைப்ரினோஜனைத் திராம்பின் பற்றும் இடத்தை அது அடைத்துக்கொள்வதால் இரத்தம் உறைவது தடைபடுகிறது. அழகான வேலை.

ஆனால் அந்த இடம் எப்படிப்பட்டது? நேர்மின்னூட்ட அமினோ அமிலங்கள் செறிந்த பரப்பு. டிஎன்ஏவின் முதுகெலும்போ முழுக்க எதிர்மின்னூட்டம்; இரண்டும் ஒன்றையொன்று ஈர்ப்பதில் வியப்பில்லை. திராம்பினுக்கான இன்னொரு புகழ்பெற்ற இழை, 29 எழுத்துடையது, ஹெப்பாரின் ஒட்டும் இடத்தைப் பற்றுகிறது. அதுவும் நேர்மின் பரப்பே. ஆப்டமர் கொண்டு செய்யும் புதிய உணரி எதுவானாலும் பெரும்பாலும் முதல் செய்முறை திராம்பினில்தான். சொந்த மைதானத்தில் ஆடிவிட்டு உலகக் கோப்பை வென்றதாக அறிவிக்கலாமா?

சுத்தமான கரைசலில் ஒரே புரதத்தோடு ஒட்டுவது ஒன்று. ஆயிரக்கணக்கான புரதங்கள் நெரியும் இரத்தத்தில் தன் ஆளை மட்டும் அடையாளம் காண்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பூசி மெழுகுவதே துறையின் பெருங்குறை.

2013இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், ஜிடிஎஃப்11 என்ற புரதம் முதுமையில் எலிகளின் இரத்தத்தில் குறைகிறது, அதைத் திரும்பக் கொடுத்தால் தடித்த இதயம் தேறுகிறது என்றார்கள். அந்தப் புரதத்தைக் கண்டெடுக்க உதவியவை மாற்றியமைத்த டிஎன்ஏ ஆப்டமர்கள். 2015இல் நோவார்டிஸ் குழு சோதித்தபோது, அளவிடப் பயன்பட்ட கருவிகள் ஜிடிஎஃப்11ஐயும் அதன் நெருங்கிய உறவுப் புரதமான மயோஸ்டாட்டினையும் பிரித்தறியவில்லை என்று தெரிந்தது. இரண்டின் முதிர்ந்த வடிவங்களும் சுமார் 90 சதவீதம் ஒன்றுபோலிருக்கும். வயதாக ஆக ஜிடிஎஃப்11 கூடும் போக்கே தென்படுகிறது என்றது அந்தக் குழு. அங்கே எதிர்ப்பொருளும் சறுக்கியது, உண்மைதான். ஆனால் அதே பள்ளத்தில் விழுகிற கருவியை அதற்கு மாற்று என்று எப்படி விற்பது?

புரதத்துக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். 2009இல் ஆர்செனிக்கைப் பற்றுவதாக அறிவிக்கப்பட்ட இழையை நம்பிப் பல உணரிகள் உருவாயின. பத்தாண்டு கழித்து, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜுவென் லியூவின் குழு சோதித்தது: அந்த இழை ஆர்செனிக்கோடு ஒட்டவே இல்லை. பத்தாண்டுகளாகக் கட்டுரைகளை ஏற்ற நடுவர்கள் எதைப் பார்த்து ஏற்றார்கள்?

ஆகவே ஆய்விதழ்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுத்துகளைக் கலைத்துப்போட்ட இழை, நெருங்கிய உறவுப் புரதங்கள், இரத்தச் சீரம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு அளவீட்டு முறைகள்: இந்த நான்கு சோதனைகளும் இல்லாமல் ‘இனங்காண்கிறது’ என்ற சொல்லோடு வரும் கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள்.