குருகும் நீதவானும்

கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் செய்யுளை நயம் பாராட்டியே பழகிவிட்டோம். களவுப் புணர்ச்சியின்போது வேறெவரும் இல்லை, ஆரல்மீனுக்காகக் காத்துநின்ற குருகொன்றே இருந்தது என்கிறாள் தலைவி. அவன் மறுத்துவிடின் தனக்கு வழியில்லை என்பதே அவள் அச்சம். மகாபாரதச் சகுந்தலைக்கு அசரீரி சான்று பகர்ந்தது. காளிதாசன் கணையாழியைக் கொடுத்தான். கபிலர் எதனையும் கொடுக்கவில்லை. அச்செய்யுளின் யதார்த்தம் அங்கேயே உள்ளது.

செய்யுளிற் குழந்தை இல்லை என்பது உண்மையே. எனினும், 1889ஆம் ஆண்டின் பராமரிப்புக் கட்டளைச் சட்டம் நிலவிய காலத்தில், குருநகரிலிருந்து மணமாகாத தாயொருத்தி நீதவான் முன் சென்றிருப்பின் அத்தலைவியின் நிலையிலேயே நின்றிருப்பாள். தந்தை இன்னாரென அவள் கூறினாற் போதாது. முக்கிய விடயமொன்றிலேனும் பிறிதொரு சான்று அதனை உறுதிப்படுத்தல் வேண்டும். கடனீரேரிக் கரையிற் கொக்குகளுக்குக் குறைவில்லை. மன்று அவற்றை அழைப்பதில்லை. அத்தகைய பிள்ளையின் பொறுப்பை உரோம-டச்சுச் சட்டம் தாயிடமே விட்டிருந்தது. பிள்ளையை வளர்க்க அவளிடம் எவரும் சான்று கேட்கவில்லை. ஆணின் வருவாயிற் பங்கு கேட்டபோதே அவள் சொல் ஐயத்துக்குரியதாயிற்று. தந்தைமையைக் குருதியுறவாக மட்டும் காண்போர் இவ்வுடைமையுறவைத் தவறவிடுகின்றனர்.

பழைய கட்டளைச் சட்டத்தை 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் நீக்கிவிட்டது. குருகு சொல்லாததை இன்று மரபணுப் பரிசோதனை சொல்லக்கூடும். ஆயினும் வழக்குத் தொடுத்து அப்பரிசோதனை வரை செல்லவேண்டியவள் இன்றும் அவளே.