சிலம்பின் வழக்கும் அளவை நூலும்

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் பயில்வோர் பெரும்பாலும் அதன் அவலச் சுவையிலேயே தோய்ந்து நின்றுவிடுவர். விரிந்த கூந்தலும் கையில் ஒற்றைச் சிலம்புமாய்க் கண்ணகி பாண்டியன் முன் நிற்கும் காட்சி அத்தகையது. ஆயினும் அது ஒரு வழக்கு. வழக்கில் கூற்றுகள் உண்டு. அக்கூற்றுகளிலிருந்து முடிபு பெறப்படுகிறது. அம்முடிபு செல்லுமா, செல்லாதா என்று ஆராய்வது அளவை நூலின் தொழில். கோவலன் எப்பிழையால் மாண்டான் என்ற பழைய வினாவுக்கு இவ்வழியில் விடை தேடினால், வகுப்பறைகளில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் விடை போதாது என்பது புலனாகும்.

அளவை தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்பவற்றையும் அவற்றின் போலிகளையும் விரித்துரைக்கிறார். மேனாட்டில் 1854இல் ஜார்ஜ் பூலும், 1879இல் பிரெகேயும் வெளியிட்ட நூல்கள், கூற்றுகளைக் குறிகளாக மாற்றிக் கணக்கைச் சரிபார்ப்பதுபோல் வாதத்தைச் சரிபார்க்க வழி வகுத்தன. இதுவே குறியீட்டு அளவையியல்.

முறை எளியது. ஒரு கூற்றுக்கு ஓர் எழுத்தை இடுக. 'ஆயின்' என்பதற்கு → என்னும் குறி. 'அன்று', 'இல்லை' என்பவற்றுக்கு ¬ என்னும் குறி. 'மழை பெய்தால் திடல் நனையும்' என்பது ம → ந ஆகும். எடுத்துக்கொண்ட கூற்றுகள் யாவும் மெய்யாயிருக்க, முடிபு மட்டும் பொய்யாகும் நிலை ஒன்றேனும் உண்டா என்று பார்க்க வேண்டும். உண்டெனின் வாதம் செல்லாது, இல்லையெனின் செல்லும். 'திடல் நனைந்துள்ளது, ஆகவே மழை பெய்தது' என்பது செல்லாது, தோட்டக்காரர் நீர் பாய்ச்சியிருக்கலாம். 'திடல் நனையவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை' என்பது செல்லும்.

இனிக் கொலைக்களக் காதைக்கு வருவோம். அரண்மனைச் சிலம்பைத் தானே கவர்ந்திருந்த பொற்கொல்லன், கோவலனைத் தன் குடிலருகே இருத்திவிட்டு அரசனிடம் சென்று, திருடன் அகப்பட்டான் என்கிறான். அவன் வாதத்தின் உள்ளீடு இது: கோவலன் தேவியின் சிலம்பைத் திருடியிருந்தால் (தி) அவன் கையில் சிலம்பு இருக்கும் (கை), கையில் சிலம்பு இருக்கிறது, ஆகவே அவன் திருடினான். குறியில் எழுதினால், தி → கை; கை; ஆகவே தி. நனைந்த திடலைக் கண்டு மழையென்று துணிந்த அதே வாதம்! 'கை' மெய்யாகவும் 'தி' பொய்யாகவும் இருக்கும் நிலை ஒன்று உண்டு. மனைவியின் சிலம்பை விற்க வந்த கோவலனே அந்நிலைக்குச் சான்று.

காவலர்க்கும் ஐயம் எழாமல் இல்லை. இவன் தோற்றம் கள்வனுக்குரியதன்று என்று அவர்கள் தயங்குகின்றனர். அப்போது பொற்கொல்லன் களவு நூல் பேசி, மந்திரம், தெய்வம், மருந்து முதலாகக் கள்வர்க்குரிய துணைகள் எட்டினை அடுக்குகிறான். இதன் கருத்து யாது? கள்வனாகத் தோன்றினாலும் கள்வன், தோன்றாவிடினும் கள்வன். எது நேர்ந்தாலும் பொய்யாகாத கூற்று எதையும் மெய்ப்பிப்பதுமில்லை. ஆயினும் தயங்கியவர் வாயை அடைக்க அது போதுமானதாயிற்று.

அரசன் ஆணையைப் பார்ப்போம். தேவியின் சிலம்பு இந்தக் கள்வன் கையில் இருக்குமாயின், கொன்று அதனைக் கொணர்க என்பது அதன் பொருள். 'கொல்லக் கொணர்க' என்று சொல்ல எண்ணியவன் ஊழ்வினையால் 'கொன்று கொணர்க' என்று வாய் தவறினான் என்று விளக்குவது மரபு. ஒரு சொல்லின் ஈறு திரிந்ததே பிழை என்பது இதன் கருத்து. சுவையான விளக்கமே, ஆயினும் அளவை நூல் இதனோடு அமைதி கொள்ளாது.

ஆணையின் வடிவம் அ → ஆ. 'அ' என்பது கையிலுள்ளது தேவியின் சிலம்பு என்பது. 'ஆ' என்பது கொலைத் தண்டம். 'அ' மெய்யென்று நிறுவினாலன்றி 'ஆ' பிறவாது. காவலர் பெற்றதோ, அச்சிலம்பு தேவியின் சிலம்பை ஒத்திருக்கிறது என்ற கூற்று மட்டுமே. அதைச் சொன்னவனும் பொற்கொல்லனே. ஒத்திருத்தல் வேறு, அதுவேயாதல் வேறு. முன்கூற்று நிறுவப்படாமலே பின்கூற்று நிறைவேறிவிட்டது.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. 'ஆயின்' என்று ஐயுறும் அதே வாக்கியத்தில் அரசன் 'கள்வன்' என்று சொல்லிவிடுகிறான். ஆராய்ந்து பெற வேண்டிய முடிபு, ஆராயும் நிபந்தனைக்குள்ளேயே அமர்ந்துகொண்டது. ஆகவே 'கொல்லக் கொணர்க' என்று திருத்தமாகச் சொல்லியிருப்பினும் கோவலன் கொல்லப்படுவதற்காகவே கொணரப்பட்டிருப்பான். மரபுவிளக்கம் 'கொன்று' என்ற வினையில் பிழை காண்கிறது. பிழையோ 'கள்வன்' என்ற பெயரில் தொடங்குகிறது. அரசன் அவையில் கூறும் விடையிலும் இதுவே மீண்டும் வருகிறது. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்கிறான். பொதுவிதி என்ற அளவில் அது அக்கால அரச நீதிக்கு ஒத்ததே. ஆனால் அவ்விதி கோவலனைத் தொட வேண்டுமானால், கோவலன் கள்வன் என்ற கூற்று இடையில் வேண்டும். அது அங்கே இல்லை.

கண்ணகியின் வாதமோ முற்றிலும் வேறு வகையது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தேவியின் சிலம்பின் பரல் முத்து என்று அரசனே சொல்கிறான். கைப்பற்றிய சிலம்பு தேவியுடையதாயின் (தே) உள்ளே முத்து இருக்கும் (மு). உடைத்தபோது தெறித்தது முத்தன்று. ஆகவே அது தேவியுடையதன்று. குறியில், தே → மு, ¬மு, ஆகவே ¬தே. கூற்றுகள் மெய்யாகி முடிபு பொய்யாகும் நிலை இதில் ஒன்றுமில்லை. வாதம் செல்லும். முதற்கூற்று எதிர்வழக்காளியின் வாயிலிருந்தே வந்தது. இரண்டாவது அவையோர் கண்ணெதிரே நிகழ்ந்தது. மறுக்க எவ்விடத்தும் இடமில்லை.

நுணுகி நோக்குவோர் ஒரு தடை எழுப்பலாம். உடைந்த சிலம்பு தேவியுடையதன்று என்பது மெய்யானாலும், கோவலன் தேவியின் சிலம்பைத் திருடி வேறிடத்தில் மறைத்திருக்கக் கூடாதா? குறிகளை மட்டும் நோக்கினால் இத்தடை நியாயமானதே. ¬தே என்பதிலிருந்து ¬தி தானே பிறவாது. பாண்டியன் நினைத்திருந்தால் இவ்வோட்டையின் வழியே தப்பியிருக்கலாம். அவன் அதை நாடவில்லை. பொன்செய் கொல்லன் சொல்லைக் கேட்ட தானே கள்வன் என்று கூறி உயிர் துறக்கிறான். குற்றமின்மையை நிறுவுவது இறந்தவன் கடன் அன்று, குற்றத்தை நிறுவுவதே கொன்றவன் கடன் என்பதை அவன் உணர்ந்தான். தண்டத்துக்கு ஆதாரம் அச்சிலம்பு ஒன்றே. அது போனபின் தண்டம் நிற்க இடமில்லை.

ஒரு வாதம் செல்லுமா என்று காட்டுவதோடு குறியீட்டு அளவையின் வேலை முடிகிறது. நிறுவும் கடன் யாருடையது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது அறம். இளங்கோவடிகள் இவ்விரண்டையும் ஒரே அவையில் நிறுத்தியிருக்கிறார். கண்ணகியிடம் செல்லும் வாதம் இருந்தது. அவ்வாதத்துக்குத் தலைவணங்கும் நெஞ்சம் பாண்டியனிடம் இருந்தது. ஆயினும் இரண்டும் சந்தித்தது கோவலன் மாண்ட பிறகு. வழக்குரை காதையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கரும்பலகையின் ஒரு புறத்தில் பொற்கொல்லன் வாதத்தையும் மறுபுறத்தில் கண்ணகி வாதத்தையும் எழுதிக் காட்டினால், 'ஆயின்' என்ற சிறு சொல்லில் ஓர் உயிர் தொங்கிற்று என்பதை மாணவர் எளிதில் மறவார்.