ஒரு பேச்சு, ஐந்து வாசிப்பு: லயத்துக்கு இது பொருந்துமா?

ஒருவரின் பேச்சை ஐந்து பேர் ஐந்து முறையில் வாசித்தால் என்ன கிடைக்கும்? 2011இல் வெளிவந்த ‘பண்புசார் பகுப்பாய்வின் ஐந்து வழிகள்’ என்ற ஆங்கில நூல் இதைத்தான் செய்து பார்த்தது. பாடகியாகும் கனவோடிருந்த ஒரு மாணவி தைரொயிட் புற்றுநோயால் பாடும் குரலை இழந்தார். அவர் எழுதியதையும் அவருடனான செவ்வியையும் பிரெடரிக் வெர்ட்ஸ் நிகழ்வியல் வழியாக வாசித்தார். கேத்தி சார்மாஸ் தரவிலிருந்து கோட்பாட்டை எழுப்பும் வழியையும், லிண்டா மக்மல்லன் சொல்லாடல் வழியையும், ருத்தெலன் ஜோசெல்சன் கதையாடல் வழியையும், ரோஸ்மரி அண்டர்சன் உள்ளுணர்வு விசாரணையையும் கையாண்டார்கள். உளவியல் மாணவர்களுக்கு நல்ல விருந்துதான். ஆனால் இந்த நூலை நமது சப்ரகமுவ தோட்டங்களுக்குக் கொண்டுவந்தால் எது நிற்கும், எது நழுவும் என்பதே என் கேள்வி.

யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து லயங்களில் பால்வெட்டும் பெண் ஒருவரிடம் சுகம் விசாரித்தால், “ஒன்னுமில்லீங்க, ஒடம்புதான் முடியல” என்று சொல்லக்கூடும். நிகழ்வியலாளர் அந்த ‘முடியல’ என்ற அனுபவத்துக்குள் போவார்: விடியுமுன் எழும் உடம்பு, மழை பெய்தால் பால்வெட்டு நின்று சம்பளமும் போகும் நாள். சார்மாஸ் வழியில் போகிறவர் இன்னும் பலரிடம் கேட்டு ஒப்பிடுவார். உடம்பு நோய்க்கு லீவு கேட்கலாம், மனநோவுக்குக் கேட்க முடியாது. அதனால்தான் நோவு உடம்பின் பேரில் பதியப்படுகிறதா என்று பார்ப்பார். சொல்லாடல்காரருக்கு முக்கியம் அந்த ‘ங்க’. வெளியாளிடம் மரியாதையோடு கதவைச் சாத்தும் வேலையை அது செய்கிறது. கதையாடல்காரரோ, இந்த வாக்கு அவருடைய வாழ்க்கைக் கதையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று தேடுவார்.

இவை நான்கும் ஒன்றையொன்று நிரப்புகின்றன என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். உண்மையில் அவை முட்டிக்கொள்கின்றன. முதலாமவர் சொல்லை அனுபவத்தின் வாசலாக நம்புகிறார். மூன்றாமவர் அதே சொல்லை மூடிய கதவாகப் பார்க்கிறார். இந்த முட்டல்தான் பல முறைகளை இணைப்பதன் பலன். நான் வாசித்த சில பட்ட ஆய்வுகளில் நடப்பது வேறு. தனிச்செவ்வி, குழுக் கலந்துரையாடல், அவதானிப்பு என்று மூன்றையும் நடத்திவிட்டு, எல்லாவற்றையும் ஒரே தலைப்புகளின் கீழ் கொட்டிவிடுகிறார்கள். தரவு சேர்த்த வழிதான் மூன்று. வாசித்த கண் ஒன்றே. தோட்டத் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் “பிரச்சினை இல்ல” என்றவர் பீலிக்கரையில் வேறு கதை சொன்னால், அது ‘முரண்பாடு’ என்று கழிக்கப்படுகிறது. கழிக்கப்பட்டதுதானே கண்டுபிடிப்பு!

நமது வாசகர்களுக்கு இது புதுசல்ல. ஒரே ஹதீஸ் பல அறிவிப்பாளர் தொடர்களில் வரும்போது, அந்தத் தொடர்களையும் சொல் வேறுபாடுகளையும் ஓரிடத்தில் அருகருகே வைத்தார் இமாம் முஸ்லிம். பல வழி வருவது உறுதியைக் கூட்டும். ஆனாலும் வேறுபாட்டை அழித்து ஒரே வாசகமாக்கும் உரிமை அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆய்வாளருக்கும் இந்தப் பேணுதல் வேண்டும்.

சப்ரகமுவவில் அது இன்னும் அவசியம். இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களோடு ஒட்டிக் கிடப்பவை. 1977இலும் 1981 ஓகஸ்டிலும் 1983இலும் இந்தப் பகுதி லயங்கள் தாக்கப்பட்டன. வவுனியாப் பக்கம் போய்க் குடியேறியவர்கள் பலர். அயலவரோடு தினமும் முகம் பார்த்து வாழவேண்டிய இடத்தில் மௌனமும் ஒரு பேச்சு. 1983இல் தோட்டப் பெண்களின் பாட்டுகளைச் சேகரிக்க வந்த மானுடவியலாளர் வலண்டைன் டானியல், கலவரத்தின் சுவடுகளுக்கு நடுவே நின்றார். மக்கள் சொல்லவந்தது வேறாக இருந்ததால் அவருடைய ஆய்வும் திசை மாறி, 1996இல் வன்முறை பற்றிய நூலாக வந்தது. முறையைவிட ஆளுக்கு முதலிடம் கொடுத்ததற்கு அது சாட்சி.

ஐந்து வழிகள் நூலில் எனக்கு மிகப் பிடித்தது ஐந்து வழிகளுமல்ல, ஆறாவது குரல். ஆய்வுக்குள்ளான அந்தப் பெண், எமலிண்டா மக்ஸ்பாடன், தன்னைப் பற்றிய வாசிப்புகளுக்குத் தானே பதில் எழுதினார். அட்டையில் அவர் பெயரும் உண்டு. நூலின் குறையும் இங்கேதான் தெரிகிறது. அவர் உளவியல் படித்தவர். தன்னை வாசித்தவர்களின் மொழியும் கல்வியும் அவருக்கும் உரியவை. பால்வெட்டும் பெண்ணுக்கு அது ஏது? அவர் தமிழில் பேசியது ஆங்கிலத்துக்குப் போனதுமே ‘ங்க’ உதிர்ந்துவிடும். பிறகு ஐந்தல்ல, ஐம்பது முறையில் வாசித்தாலும் வாசிக்கப்படுவது மொழிபெயர்ப்பாளரின் பேச்சுதான்.

ஆகவே இரண்டு நிபந்தனைகள் வைப்பேன்: பகுப்பாய்வு தமிழ்ப் பேச்சின் மீதே நடக்கவேண்டும். முடிவை லயத்துக்குத் திரும்பக் கொண்டுபோய் வாசித்துக் காட்டி, “நான் அப்படிச் சொல்லல்லையே” என்று அவர் சொன்னால் அதையும் ஆய்வில் அச்சிட வேண்டும்.

இது தோட்டத்து மக்களுக்காக மட்டும் கேட்கும் நியாயமல்ல. இதே கேகாலை மாவட்டத்து மாவனல்லையில் 2001 மே மாதம் நம்மவர் கடைகள் எரிந்தன. “அல்லாஹ் போதுமானவன்” என்று நம்மவர் சொல்வதை ஓர் ஆய்வாளர் ‘மத வழிச் சமாளிப்பு’ என்று ஒரே பெட்டிக்குள் போட்டு மூடினால் நாம் ஒப்புக்கொள்வோமா? அதில் ஈமானும் உண்டு, ஆத்திரமும் உண்டு, கேட்பவரை மேலே கேட்கவிடாத கண்ணியமும் உண்டு. நமக்கு வேண்டும் என்று கேட்கும் வாசிப்பை லயத்துக்கும் கொடுப்பதுதான் அமானிதம்.