காசும் கேஷும்: ஒலி ஒத்தால் போதுமா?

ஆங்கிலத்தின் ‘கேஷ்’ நம் ‘காசு’தான் என்று சொல்லாத தமிழ் மேடை குறைவு. பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கும் வரி அது. பள்ளிப் பேச்சுப்போட்டியில் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். வாட்ஸ்அப்பில் ‘ஒன்று – ஒன், எட்டு – எய்ட், வெற்றி – விக்டரி’ என்று நீளும் பட்டியலிலும் தவறாமல் இடம்பெறும். இரு மொழிச் சொற்களை அருகருகே வைத்து, ஒலியும் பொருளும் ஒத்துப்போனால் இதிலிருந்துதான் அது பிறந்தது என்று முடிவு கட்டும் இந்த வழக்கத்தை எடைபோட ‘கேஷ்’ மிகவும் பொருத்தமான சொல். ஏனென்றால், அந்தக் கூற்றில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்கத்தான் யாரும் பொறுமை காட்டுவதில்லை.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி ‘கேஷ்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு ஒரே பதிவோடு நின்றுவிடவில்லை; பிறப்பு வேறானவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே பிரித்து வைத்திருக்கிறது. முதலாவது, கடையிலும் வங்கியிலும் நாம் கேட்கும் ரொக்கம். அதன் வேர் லத்தீனில் பெட்டியைக் குறித்த ‘காப்சா’. இத்தாலியில் அது ‘காஸ்ஸா’ ஆனது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது வணிகரின் பணப்பெட்டியையும் பெட்டிக்குள் கிடந்த பணத்தையும் சேர்த்தே குறித்தது. காலப்போக்கில் பெட்டி போய்ப் பணம் மட்டும் நின்றது. பொருளை வைக்கும் ‘கேஸ்’, மருந்து அடைத்த ‘கேப்சூல்’ எல்லாம் அதே காப்சாவின் வழி வந்தவை. இந்தக் குடும்பத்தில் தமிழுக்கு இடமில்லை.

கல்லாவில் உட்காரும் ‘கேஷியர்’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான். ஆனால், ராணுவ அதிகாரியை அவமானப்படுத்திப் பதவியிலிருந்து நீக்குவதைச் சொல்லும் ‘கேஷியர்’ என்ற வினைச்சொல்லுக்கு அந்தப் பெட்டியோடு எந்த உறவும் கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்துப் போர்க்களங்களில் சண்டையிட்ட ஆங்கிலப் படைவீரர்கள் டச்சு மொழியிலிருந்து கொண்டுவந்த சொல் அது. எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று, பிறப்பு மட்டும் வேறு. ஒரே மொழிக்குள்ளேயே ஒலி ஒற்றுமை இப்படி ஏமாற்றும் என்றால், கடல் கடந்த இரு மொழிகளுக்கு நடுவில் அதை எவ்வளவு நம்பலாம்?

இரண்டாவது ‘கேஷ்’ வேறு. கிழக்கு நாடுகளில் புழங்கிய சிறு செப்புக்காசுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. இது நம் காசேதான், ஐயமில்லை. கடற்கரை ஊர்களில் ‘காசு’ என்று கேட்ட போர்த்துகீசியர், தங்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் ‘காய்ஷா’ என்ற சொல்லின் சாயலில் அதை உச்சரித்தார்கள். அந்தக் காய்ஷாவும் பழைய காப்சாவின் வழியில் வந்ததே. ஆக, பிறப்பால் தொடர்பில்லாத இரண்டு சொற்கள் போர்த்துகீசியர் நாவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனபோது இரண்டும் ‘கேஷ்’ என்றே நின்றுவிட்டன. சீனாவில் நடுவே சதுரத் துளை போட்டுக் கயிற்றில் கோத்து வைத்த நாணயங்களையும் ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்றார்கள். சீனர்கள் அப்படிச் சொன்னதே இல்லை. நம் ஊர்ச் சொல்லைத்தான் வெள்ளைக்காரர் அங்கே ஒட்டவைத்தார்.

சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் காசை இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அச்சடித்துக் கப்பலில் அனுப்பியது. 1803ஆம் ஆண்டு நாணயம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம் இருக்கும். மறுபக்கம் பாரசீக எழுத்தில் அதன் மதிப்பும், கீழே ரோமன் எண்ணில் ‘20 கேஷ்’ என்பதும் இருக்கும். 1808ஆம் ஆண்டு பொறித்த இத்தகைய காசுகளைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்து குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் கடலடியிலிருந்து அந்தக் காசுகளை அள்ளி எடுத்தார்கள். இந்தச் சான்று நம்மிடம் இருக்கும்போது, வங்கியில் எண்ணும் ரொக்கத்தையும் உரிமை கொண்டாட என்ன தேவை இருக்கிறது?

காசு என்ற நம் சொல்லே ஒரு தனி உலகம். குறுந்தொகையின் 67ஆம் பாடலில், கிளியின் அலகில் இருக்கும் வேப்பம்பழம், புது நூலில் கோப்பதற்காக நகநுனியில் பிடித்த பொற்காசைப் போலத் தெரிகிறது. அங்கே காசு கழுத்தில் அணியும் நகை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்ச்சபைகள் வட்டிக்கு வாங்கிய காசு, கையில் புழங்கிய பணம். நிகண்டுகளில் காசு என்றால் குற்றம் என்றும் பொருள். வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடான ‘நாள், மலர், காசு, பிறப்பு’ நாம் எல்லோரும் பள்ளியில் படித்தது. காசு என்ற சொல்லின் மூலம் திராவிட வேரா, வடமொழியில் எடையைக் குறிக்கும் ‘கர்ஷ’ என்ற சொல்லா என்ற வாதமும் உண்டு. ஒலி ஒற்றுமை தேடுகிறவர்கள் இத்தனை வளத்தையும் தாண்டிக்கொண்டு ‘கேஷ்’ஐ நோக்கி ஓடுவதுதான் எனக்கு வருத்தம்.

அதற்காக இந்த வழக்கம் வெறும் பிதற்றல் என்று ஒதுக்குவதும் நியாயமில்லை. தமிழ் வடமொழியின் கிளை என்று படித்தவர்களே நம்பிய காலம் ஒன்று இருந்தது. அந்த நம்பிக்கையை எதிர்த்து நின்றவர்களின் வேகம் இந்த வழக்கத்துக்குள் இருக்கிறது. தேவநேயப் பாவாணரின் உலகத் தாய்மொழிக் கொள்கையை நான் ஏற்கவில்லை. ஆனால் நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, பனைக்கு ஓலை, வேம்புக்கு இலை என்று அவர் காட்டிய சொல்வளம் இன்றும் நம் பாடநூலில் நிற்கிறது. தமிழுக்குள் நின்று சொற்களைக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்தபோது அவர் பெரும் அறிஞர். ஒலியை மட்டும் நம்பிக் கடல் தாண்டிய இடங்களில் அவர் காலடி தளர்கிறது. இந்த வழக்கத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. மொழியியலை வாழ்நாளில் திறந்து பார்க்காத ஒருவரையும் ஒரு சொல்லின் முன் நிற்கவைத்து யோசிக்கச் செய்கிறது.

குறை எங்கே என்பதை ‘எட்டு’ காட்டிவிடும். எட்டும் ‘எய்ட்’டும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. எண்பது, எண்ணூறு, எண்திசை என்று நம் சொற்களையே வரிசையாக அடுக்கிப் பாருங்கள். அடியில் நிற்பது ‘எண்’. கன்னடத்தின் ‘எண்டு’விலும் தெலுங்கின் ‘எனிமிதி’யிலும் அந்த மூக்கொலி இன்னும் இருக்கிறது. அதன்மேல் ‘து’ சேர்ந்துதான் எட்டு ஆனது. ஆங்கிலத்தின் பழைய வடிவம் ‘எயாஹ்டா’. ஜெர்மனில் ‘ஆக்ட்’, லத்தீனில் ‘ஆக்டோ’. அங்கே அடித்தொண்டை ஒலி இருக்கிறது, ணகரம் இல்லை. பின்னோக்கிப் போகப் போக இரு சொற்களும் நெருங்குவதற்குப் பதிலாக விலகுகின்றன. உறவுள்ள சொற்கள் நேர்மாறாகப் பின்னோக்கி நெருங்கும். ‘வெற்றி’யும் அப்படியே: வெல்லோடு தி சேர்ந்து, லகரம் றகரமாய்த் திரிந்து வந்த சொல். லகரமே இல்லாத விக்டரியோடு அதை எப்படி இணைப்பது? ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பாபரத்தில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மொழிகளில் தற்செயல் அவ்வளவு தூரம் போகும்.

இந்தப் பிழை நமக்கு மட்டும் சொந்தமில்லை. ஆங்கிலத்தின் ‘கரி’ நம் கறி அல்ல, இங்கிலாந்துச் சொல்லே என்று வாதாடுகிறவர்கள், 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசர் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் தொகுத்த ‘ஃபார்ம் ஆஃப் கியூரி’ என்ற நூலைக் காட்டுவார்கள். அங்கே ‘கியூரி’ என்றால் சமையல் என்று மட்டுமே பொருள். பழைய பிரெஞ்சிலிருந்து வந்து வழக்கொழிந்த சொல். நம் கறியோ போர்த்துகீசிய நூல்களில் ‘கரில்’ ஆகி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குப் போனது. ஒலியை மட்டும் நம்பினால் நம்முடையதையும் நாம் இழக்க நேரும் என்பதற்கு இது கண்ணெதிரே இருக்கும் சான்று. அவர்கள் ஒலியைக் காட்டும்போது நாம் ஆண்டையும் வழியையும் காட்டி வெல்ல முடிகிறது. அதே அளவுகோலை நம் கூற்றுகளுக்கும் வைக்க வேண்டாமா?

தேடினால் உறுதியான சொத்து நமக்கு நிறையவே இருக்கிறது. கட்டுமரத்தைச் சோழமண்டலக் கரையில் பார்த்த வில்லியம் டாம்பியர், 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் அந்தப் பெயரோடு அதை எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் இரட்டை உடல் கொண்ட படகுக்கு மாறி, இன்று உலகமெங்கும் ‘கேட்டமரான்’ என வழங்குகிறது. சுருட்டு ‘செரூட்’ ஆனது, மிளகுதண்ணீர் ‘மல்லிகட்டானி’ ஆனது, தேக்கு போர்த்துகீசியர் வழியாக ‘டீக்’ ஆனது. இவற்றை யாரும் மறுப்பதில்லை. பொய்யான பத்துச் சொற்களோடு சேர்த்துப் பட்டியல் போடும்போது இந்த உண்மைகளும் சேர்ந்து மதிப்பிழக்கின்றன. இந்த வழக்கத்தின் மிகப் பெரிய தீங்கு என்று நான் கருதுவது இதைத்தான்.

சொற்களை முறையாக ஒப்பிடும் கலைக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வருவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, 1816இல், சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸ் தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை வரிசைப்படுத்தி அவை ஒரே குடும்பம் என்று நிறுவினார். பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி அந்த வழியில் வந்தது. அந்த அகராதியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இருக்கின்றன. பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் ஆசிரியர்கள் அடுத்த பட்டியலைச் சொல்லிக்கொடுக்கும் முன் ஒவ்வொரு சொல்லையும் அங்கே ஒருமுறை தேடிப் பாருங்கள். பழைய வடிவம் எது, எந்த வழியில் எந்த நூற்றாண்டில் போனது என்று பிள்ளைகளையே கேட்கப் பழக்குங்கள்.