ஓரச் சிப்பாய்: சகாத்தாவின் 'பிழை'யை வாசித்தல்

1937 பிப்ரவரி 5ஆம் தேதி, கியோட்டோ நகரத்து நான்ஸென்ஜி கோயிலில் ஒரு ஷோகி ஆட்டம் தொடங்கியது. ஏழு நாள் ஆட்டம். ஆளுக்கு முப்பது மணி நேரம். முதல் காயை நகர்த்த வேண்டியவர் கிமுரா யோஷியோ, 31 வயது, டோக்கியோவின் செல்லப்பிள்ளை. எதிரே உட்கார்ந்திருந்தவர் சகாத்தா சன்கிச்சி, 66 வயது, ஒசாகாக்காரர், பத்தாண்டுக்கும் மேலாகப் பெரிய ஆட்டம் எதிலும் உட்கார விடப்படாதவர். கிமுரா தன் 7-6 சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளினார். இது எல்லோரும் செய்வது. மூலைவாட்டில் ஓடுகிற பெரிய காய்க்கு வழி திறந்துவிடுகிற நகர்வு. பதிலுக்கு சகாத்தா செய்தது யாரும் செய்யாதது: பலகையின் விளிம்பில், 9-4 கட்டத்துக்கு, தன் ஓரச் சிப்பாயை ஒரு அடி நகர்த்தினார்.

ஆட்டத்தில் சகாத்தா தோற்றார். அன்றிலிருந்து அந்த 9-4 'திருப்புமுனை' ஆகிவிட்டது. ஏழு நாள் நீண்ட ஓர் ஆட்டத்துக்கு இரண்டாவது நகர்விலேயே திருப்புமுனை! இந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன். நான் ஷோகி ஆட்டக்காரன் இல்லை. அட்டையில் காய் வெட்டி, மில் தொழிற்சங்கத்தில் வேலை பார்க்கிற தோழர் ஒருவரோடு ஆடிப் பழகியவன், அவ்வளவுதான். ஆட்டப் பதிவை ஒரு பிரதியாக வாசிக்க அது போதும் என்று நினைக்கிறேன்.

ஆடியறியாத வாசகருக்காகக் கொஞ்சம். பலகை ஒன்பதுக்கு ஒன்பது. ஆளுக்கு இருபது காய். செஸ்ஸில் போலக் கறுப்பு வெள்ளை கிடையாது. எல்லாக் காயும் ஒரே நிற மரத்துண்டு. கூர்முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, காய் அதற்கு எதிர்ப்பக்கம் இருப்பவனுடையது. வெட்டுப்பட்ட காய் சாவதில்லை. வெட்டியவன் கைக்குப் போய், வேண்டும்போது அவன் படையாளாக மறுபடி பலகையில் இறங்கும். இதைக் கேட்டவுடன் நம் நண்பர்கள் 'ஆகா, அடையாளம் நிலையற்றது' என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். இந்த நெகிழ்ச்சிக்கும் ஒரு எல்லை வகுத்திருக்கிறார்கள். கையிலிருந்து இறக்கிய சிப்பாய் அந்த இறக்கத்திலேயே ராஜாவை முடித்துவைக்கக் கூடாது. செய்தால் செய்தவன் தோற்றான். மற்ற எந்தக் காயை இறக்கியும் ராஜாவை முடிக்கலாம், பலகையில் ஏற்கெனவே நிற்கிற சிப்பாய் நகர்ந்தும் முடிக்கலாம். பிடிபட்டு வந்திறங்குகிற சிப்பாய்க்கு மட்டும் அது விலக்கு. ஏன் இந்த விதி என்று என் தோழரிடம் கேட்டேன். "ராஜாவுக்கு ஒரு கௌரவம் வேணாமா தோழர்?" என்றார்.

இனி 9-4க்கு வருவோம். அதன்மேல் சொல்லப்படுகிற குற்றச்சாட்டு எளிமையானது. இரண்டாவதாக ஆடுகிறவன் ஏற்கெனவே ஒரு நகர்வு பின்தங்கியவன். அவன் தன் முதல் வாய்ப்பையும் ஓரத்தில் கொண்டுபோய்ச் செலவழித்தால் இரண்டு நகர்வு பின்தங்குகிறான். கிமுராவின் பதில் 5-6, அதாவது நட்டநடுப் பத்தியின் சிப்பாய். நீ விளிம்புக்குப் போ, நான் மையத்தை எடுத்துக்கொள்கிறேன்! இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வாய் ஊறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். விளிம்பு, மையம் என்று நாம் பத்து வருஷம் எழுதித் தேய்த்த சொற்கள் இரண்டும் மரக்காய்களாக எதிரெதிரே நிற்கின்றன. ஆனால் இந்த உவமையில் ஆட்டம் காணாமல் போய்விடுகிறது. ஓரச் சிப்பாய் ஒன்றும் 'விளிம்புநிலை'யின் குறியீடு அல்ல. ஓரச் சிப்பாயை நகர்த்தினால் பின்னால் ராஜா ஒதுங்கவும் தப்பவும் ஒரு கட்டம் கிடைக்கும். ஓரத்திலிருந்து தாக்குதல் தொடங்கவும் வசதி. எல்லா ஆட்டக்காரரும் ஏதோ ஒரு கட்டத்தில் அதை நகர்த்தத்தான் செய்கிறார்கள். சகாத்தாவின் நகர்வில் புதிதாக இருந்தது நேரம் ஒன்றுதான். மற்றவர்கள் பின்னால் செய்வதை அவர் முதலில் செய்தார். இன்னொரு வகையில் சொன்னால், தான் என்ன அமைப்பில் ஆடப்போகிறேன் என்பதைக் காட்டாமல் முறையை எதிராளியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்: நீயே முதலில் உன் திட்டத்தைச் சொல்லு.

இது வியூகமா, வீம்பா? பழைய விமர்சனங்கள் பெரும்பாலும் வீம்பு என்கின்றன. கிழவனின் அகங்காரம், ஒசாகாக்காரனின் காட்சி விளையாட்டு, தோற்றாலும் பேர் நிற்கட்டும் என்கிற கணக்கு. எனக்குப் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. அடுத்த மாதமே, மார்ச் 1937இல், அதே கியோட்டோவின் தென்ரியூஜி கோயிலில் ஹனாதா சோதாரோவோடு சகாத்தா ஆடினார். அங்கேயும் இரண்டாவது நகர்வு ஓரச் சிப்பாய்தான். ஆனால் இந்தத் தடவை மறு ஓரம், 1-4. அங்கேயும் தோற்றார். வீம்புக்காரன் செய்ததையே திரும்பச் செய்வான், அல்லது அடிபட்ட பிறகு அடங்கிப்போவான். இவர் ஒரு ஓரத்தைச் சோதித்துவிட்டு மறு ஓரத்தைச் சோதிக்கிறார். இதற்கு ஆராய்ச்சி என்றுதான் பெயர். 2000க்குப் பிறகு தொழில்முறை ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே ஒரு நகர்வை இழந்து பெரிய காய்களைப் பரிமாறிக்கொள்ளும் தொடக்கம் ஒன்றைப் பரப்பினார்கள். இரண்டாவதாக ஆடுகிறவன் இன்னும் பின்தங்குவதால் சில இடங்களில் லாபம் உண்டு என்பது அதன் அடிப்படை. அதைக் கோட்பாடு என்று எழுதினார்கள், புத்தகம் போட்டார்கள். பெயர் பெற்ற கழகத்திலிருந்து வந்தால் கோட்பாடு. எழுத்தறியாதவன் கையிலிருந்து வந்தால் கிறுக்கு. (9-4 சிறந்த நகர்வு என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு நகர்வின் இழப்பு இழப்புதான். ஆனால் அந்த அளவு இழப்போடு தொடங்கி ஜெயித்தவர்கள் எத்தனையோ பேர்.)

எழுத்தறியாதவர் என்றது அலங்காரத்துக்காக அல்ல. சகாத்தா 1870இல் இன்றைய சகாய் நகரத்துக்குள் அடங்கிய ஒரு புராக்குக் குடியிருப்பில் பிறந்தவர். தோல், இறைச்சி, பிணம் என்று தொழிலைக் காட்டித் தீட்டு ஒட்டிய மக்களின் குடியிருப்பு. ஜப்பானிய அரசு 1871இல் இந்தப் பிரிவினையை ஆணை போட்டு ஒழித்தது. அப்போது சகாத்தா ஒரு வயதுக் குழந்தை. ஆணை ஒழித்ததை ஊர் ஒழிக்கவில்லை, அந்தக் கதை நமக்குத் தெரியாததா? குடும்பத் தொழில் செருப்பின் மேற்பாகம் பின்னுவது. பள்ளிக்கூடம் நிலைக்கவில்லை. தெருவில், காசு வைத்து ஆடுகிற கூட்டத்தில் ஷோகி கற்றார். இன்னொரு பக்கம் இந்த ஆட்டத்தின் அதிகார மரபைப் பாருங்கள். டொக்குகவா ஆட்சியில் ஷோகி மூன்று குடும்பங்களின் பரம்பரைச் சொத்து. அரசு அவர்களுக்குப் படியளந்தது. 'மெய்ஜின்' என்ற தலைமைப் பட்டம் அவர்களுக்குள்ளேயே சுற்றியது. ஆட்சி கவிழ்ந்து மானியம் நின்ற பிறகும் பட்டம் ஆயுட்காலப் பட்டமாகவே இருந்தது. 1921இல் அது சகாத்தாவின் நெடுநாள் போட்டியாளர் செக்கினே கின்ஜிரோவுக்குப் போனது, பதின்மூன்றாவது மெய்ஜினாக.

1925இல் ஒசாகாப் புரவலர்களின் ஆதரவோடு சகாத்தா தன்னையும் மெய்ஜின் என்று அறிவித்துக்கொண்டார். டோக்கியோ அவரைத் தள்ளிவைத்தது. யாரும் அவரோடு ஆட மாட்டார்கள். என்னைக் கேட்டால் நான்ஸென்ஜி ஆட்டத்தின் திருப்புமுனை இதுதான், 9-4 அல்ல. ஒரு ஆட்டக்காரனின் அறிவு அவன் மண்டைக்குள் மட்டும் இருப்பதில்லை. எதிராளிகளிடம், தொடர் போட்டிகளில், ஆட்டம் முடிந்த பிறகு உட்கார்ந்து திரும்பப் போட்டுப் பார்க்கிற அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. இதெல்லாம் பத்தாண்டுக்கும் மேல் ஒருவருக்கு மறுக்கப்பட்டது. அதே காலத்தில் கிமுராவின் தலைமுறை டோக்கியோவில் தொடக்க ஆட்டங்களை வரிவரியாக அலசிக் கோட்பாடு கட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்பாடு நடக்கிற பாதையிலேயே போய் அவர்களைச் சந்திப்பது தற்கொலை. பாதையே இல்லாத இடத்துக்கு ஆட்டத்தை இழுத்துப்போவது, வெளியேற்றப்பட்டவனுக்கு எட்டுகிற ஒரே வியூகம். இப்படிப் பார்த்தால் 9-4 தோல்வியின் காரணம் அல்ல. தோல்வியின் காரணங்களைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒருவரின் பதில். பதில் போதவில்லை என்பது வேறு விஷயம்.

நான் இப்படிச் சொன்னபோது தோழர் சிரித்தார். "எங்க ஸ்டிரைக்கும் அப்படித்தான். அந்த வியாழக்கிழமை கேட்டை விட்டு நகர்ந்தோமே, அதனாலதான் தோத்தோம்னு இன்னிக்கும் சொல்றானுக. அதுக்கு முந்தி ஆறு மாசமா கூலிப் பாக்கி, வீட்ல அரிசி இல்ல, பாதிப் பேர ஊருக்கு அனுப்பியாச்சு. அதெல்லாம் கணக்குல இல்ல. வியாழக்கிழமைதான் கணக்கு." திருப்புமுனை என்கிற கதையாடலின் வசதி இதுதான். கட்டமைப்பு செய்ததை ஒரு கணத்தின் தலையில் கட்டிவிடலாம், அந்தக் கணத்தில் முடிவெடுத்த ஆளின் தலையிலும்.

இலக்கியம் என்ன செய்தது? ஓதா சக்குனொசுகே என்ற ஒசாகா எழுத்தாளர் 1946 முடிவில் 'சாத்தியங்களின் இலக்கியம்' என்ற கட்டுரையில் சகாத்தாவின் ஓரச் சிப்பாயைக் கையில் எடுத்தார். அடுத்த மாதம் காசநோயில் செத்துப்போனார், 33 வயது. ஷிகா நவோயாவைத் தலையில் வைத்துக்கொண்டு 'சொந்த அனுபவத்தைச் சுத்தமாக எழுது' என்கிற மரபு ஜப்பானிய உரைநடையின் ஒரே தொடக்க ஆட்டமாக உறைந்துவிட்டது. அதற்கு எதிராக யாராவது ஒரு ஓரச் சிப்பாயை நகர்த்த வேண்டும் என்பது அவர் வாதம். படிக்கிற எவனுக்கும் உடம்பு சிலிர்க்கும். சிறுபத்திரிகைக்காரனுக்குக் கேட்கவே வேண்டாம். ஆனாலும் எனக்கு ஒரு சங்கடம். ஓதாவுக்கு வேண்டியிருந்தது ஒரு உருவகம். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் ஒருவர் இலக்கியக் கலகத்தின் சின்னம் ஆகிறார். அவர் என்ன கணக்குப் போட்டு ஆடினார் என்கிற கேள்வி பின்னுக்குப் போகிறது. துணிச்சலைப் புகழ்வது அறிவை மறுப்பதன் மரியாதையான வடிவமாகவும் இருக்கலாம். இதை நாமும் செய்கிறோம், தோழர்களே. அடித்தள மக்களின் 'ஆவேசம்' பற்றி எத்தனை கவிதை எழுதியிருக்கிறோம், அவர்களின் திட்டமிடல் பற்றி எத்தனை?

இதற்கு நேர் எதிராக ஒன்று. 1938இல் கோ ஆட்டத்தின் கடைசிப் பரம்பரைத் தலைவர் ஷூசாய் தன் ஓய்வு ஆட்டத்தில் இளைஞர் ஒருவரிடம் தோற்றார். அதைப் பத்திரிகைக்காக உடனிருந்து எழுதிய கவாபட்டா பிறகு ஒரு நாவலாக்கினார். மரபின் அஸ்தமனம், மௌனம், கண்ணியம். அருமையான நாவல், மறுக்கவில்லை. ஒரு வருட இடைவெளியில் இரண்டு கிழவர்கள் தோற்கிறார்கள். பரம்பரைத் தலைவருக்கு உலக இலக்கியம் கிடைக்கிறது. சகாத்தாவுக்கு ஒரு நாடகம், சினிமாக்கள், அப்புறம் 1961இல் முராத்தா ஹிதேயோ பாடிய ஒரு சூப்பர் ஹிட் பாட்டு. பாட்டில் ஒசாகா இருக்கிறது, வறுமை இருக்கிறது, கஷ்டத்தைச் சிரித்துத் தாங்குகிற மனைவி இருக்கிறாள். அவர் பிறந்த குடியிருப்பைப் பற்றி ஒரு சொல் கிடையாது. தீண்டாமை ஏழ்மையாகக் கரைகிறது. ஏழ்மை மனைவியின் பொறுமையில் கரைகிறது. நான்ஸென்ஜியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒகசாக்கி பொது மண்டபத்தில், 1922 மார்ச் 3ஆம் தேதி புராக்கு மக்கள் தங்கள் சமத்துவ இயக்கமான சுய்ஹெய்ஷாவைத் தொடங்கினார்கள். அந்த மண்டபமும் அந்தக் கோயிலும் ஒரே பாட்டில் வர முடியாது போலிருக்கிறது.

சகாத்தாவின் குரலாக நமக்கு எஞ்சியிருப்பதில் பிரபலமானது ஒரு வாசகம். 1913இல் செக்கினேயோடு ஆடிய ஆட்டத்தில், முன்னே போய் வழியில்லாமல் மாட்டிக்கொண்ட தன் வெள்ளித் தளபதியைப் பற்றி 'வெள்ளி அழுகிறது' என்றாராம். அவர் எழுதியதல்ல; எழுத முடியாது; சொன்னதை இன்னொருவர் எழுதியது. இதைக் கண்ணீர்க் கதையாகவே எல்லோரும் படிக்கிறார்கள். எனக்கு இது ஒரு தொழில்நுட்பக் குறிப்பாகவும் படுகிறது. அந்தக் காய்க்கு நேராக முன்னேயும் நான்கு மூலைவாட்டிலும் ஒரு கட்டம் போகலாம். பக்கவாட்டில் போக முடியாது, நேராகப் பின்வாங்கவும் முடியாது. சீக்கிரம் முன்னே போனால் திரும்ப வழி குறைவு. இதைத் தெரிந்தவன் இரண்டே சொல்லில் சொல்லியிருக்கிறான்.

கிமுரா அந்த ஆண்டு டிசம்பரில் மெய்ஜின் ஆனார், பரம்பரையும் ஆயுள் பட்டமும் ஒழிந்த பின் போட்டியில் வென்ற முதல் ஆள். சகாத்தா அடுத்த மெய்ஜின் பட்டத்துக்கான தகுதிச் சுற்றில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். எழுபதை நெருங்கும் வயதில் நாட்டின் முதல் வரிசை ஆட்டக்காரர்களோடு 7 வெற்றி, 8 தோல்வி. ரெண்டாவது காயிலேயே ஆட்டத்தைக் கோட்டைவிடுகிற கிறுக்கனின் கணக்கா இது? 1946இல் இறந்தார். 1955இல் ஷோகிச் சங்கம் அவருக்கு மெய்ஜின் பட்டம் கொடுத்தது. 1925இல் அவர் தானே எடுத்துக்கொண்டதற்காகத் தள்ளிவைக்கப்பட்டாரே, அதே பட்டம். சகாய் நகரத்து மனித உரிமை வரலாற்றுக் காட்சியகத்தில் இன்று அவர் நினைவாக ஒரு அறை இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தோழரும் நானும் அட்டைப் பலகையை விரித்து 7-6, 9-4, 5-6 வரை வைத்தோம். அதற்கு மேல் பதிவைப் பார்க்காமல் நாமே ஆடுவது என்று ஏற்பாடு. சகாத்தா பக்கம் தோழர். இருட்டும்போது நாற்பது நகர்வு ஆகியிருந்தது. என் ராஜாவுக்கு ஓரத்தில் இடமில்லை, அவருக்கு இருக்கிறது. காய்களைக் கலைக்காமல் பலகையை பீரோ மேல் தூக்கி வைத்திருக்கிறோம்.